பலகாரப் பைக்கு நான் போட்ட வரி

போன வருடம், நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வந்து நிறைந்திருந்த நேரம். புத்தூரில் எங்கள் வீட்டில்தான் இது தொடங்கியது. இப்போது யாருக்காவது சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன். ஆனால் அந்தக் கிழமை முழுக்க நான் சிரிக்கவில்லை.

என் கணவருக்குக் கட்டாரில் வேலை. வீட்டில் நான், மூன்று வயது மகள், என் அம்மா. மகள் பிறந்த பிறகு வெளியே போய் வேலை பார்க்க முடியவில்லை. அதனால் வீட்டிலேயே தைக்கத் தொடங்கினேன். கலியாண வீட்டுக்கும், பெண் பிள்ளை பெரியவளானதற்குச் செய்கிற சாமத்திய வீட்டுக்கும் வருகிறவர்களுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கிற துணிப் பைகள். ஆவணியில் ஊரில் விசேஷங்கள் கூடும்போது எனக்கும் வேலை கூடும். அந்த முறை யாழ்ப்பாண நகரத்துக்குக் கிட்ட உள்ள ஒரு மண்டபத்துக்காரர் பெரிய ஓடர் ஒன்று தந்தார்கள். அங்கே நிர்வாகம் பார்க்கிறவர் நல்ல மனிதர். ஒரேயொரு நிபந்தனை சொன்னார்.

"தங்கச்சி, எங்களுக்கு ஒழுங்கான பில் வேணும். கொப்பித்தாளிலை எழுதித் தந்தால் கொழும்பிலை கணக்குப் பாக்கிறவை என்னைத்தான் பேசுவினம்."

'ஒழுங்கான' என்ற சொல் எனக்குள் ஒட்டிக்கொண்டது. பரீட்சை எழுதிப் பேப்பரைக் கொடுத்த பிறகும் வாசலில் நின்று, சுட்டிலக்கத்தைச் சரியாக எழுதினேனா என்று யோசிக்கிற பிள்ளையாகத்தான் நான் வளர்ந்தேன். ஒழுங்கான பில் எப்படி இருக்கும் என்று பார்க்க, நான் துணி வாங்குகிற மொத்தக் கடையின் பில்லை எடுத்து விரித்து வைத்தேன். அடியில் பதினெட்டு வீதம் வற் என்று தனியாக ஒரு வரி இருந்தது.

நான் உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்தவள். வற் என்கிற பெறுமதி சேர் வரி என்றால் என்ன என்று அப்போது பாடமாக்கியது அப்படியே நினைவில் இருந்தது. ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் அதனோடு சேர்கிற பெறுமதிக்குப் போடுகிற வரி. சும்மா கிடந்த துணியை வெட்டித் தைத்துப் பையாக்குகிறேன். பெறுமதி சேர்கிறது. அப்படியென்றால் நானும் வரி போட வேண்டும், போட்டதை அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. வழக்கமாக எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிற நான் இதில் மட்டும் நிச்சயமாக இருந்தேன். கடையில் வாங்கிய பில் கொப்பியில் வற் இலக்கம் கேட்கிற இடத்தில், பதினெட்டு வயது தாண்டிய எல்லாரும் எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது எடுத்துவைத்த என் வரி இலக்கத்தை எழுதினேன்.

கணவருக்கு அந்தப் பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன்.

"உது உனக்குத் தேவையோ?" என்று குரல் பதிவு வந்தது.

"படிச்சதைத்தான் செய்யிறன். பிறகு ஆரும் பிழை சொல்லக்கூடாது" என்றேன்.

"சரி ரீச்சர், செய்யுங்கோ" என்று சிரித்தார்.

அடுத்த வீட்டு மச்சாள் தன் மகனுக்கு முதல் பல் முளைத்த பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குக்குச் சின்னப் பைகள் தைக்கத் தந்திருந்தாள். அவளுக்கும் அதே பில்தான். அவள் அதைத் தூரப் பிடித்துப் படித்தாள்.

"எடியே, இதென்ன வற்? நீயும் அரசாங்கமே?"

"எனக்கில்லை மச்சாள், அவைக்குக் குடுக்க."

"அவை உன்னட்டைக் கேட்டவையோ?"

கேட்கவில்லை. கேட்கும்போது கையில் இருக்க வேண்டும் என்று, வரிக் காசை மட்டும் பிரித்து ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு, சாமிப் படத்தட்டில் வைத்தேன். ஒருநாள் மகளுக்கு மருந்து வாங்கச் சில்லறை தேவைப்பட்டது. அம்மா அந்தப் பேணியைக் காட்டினார். நான் தொடவில்லை, மச்சாளிடம் கடன் வாங்கினேன். அவ்வளவு நேர்மையாக இருக்கிறோம் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

பைகளைக் கொடுத்து முடித்த பிறகு ஒரு காலையில் மண்டபத்து நிர்வாகி தொலைபேசியில் அழைத்தார். குரல் வழக்கம்போல இல்லை.

"தங்கச்சி, நீங்கள் வற்றுக்குப் பதிஞ்சிருக்கிறியளோ?"

"என்ரை இலக்கம் பில்லிலை கிடக்கே அண்ணை."

"அது வற் இலக்கம் இல்லையாம். கொழும்பிலை பார்த்திட்டுச் சொல்லினம். பதியாமல் வற் எடுக்கிறது குற்றமாம். எனக்கும் வடிவாத் தெரியேல்லை. எதுக்கும் ஒருக்கா விசாரியுங்கோ."

அவர் வேறும் ஏதோ சொன்னார். எனக்குக் 'குற்றம்' என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மா வந்துதான் நிறுத்தினார்.

அன்றிலிருந்து தொலைபேசியில் தேடுவதே என் வேலையாகிவிட்டது. தேடத் தேடத் தண்டம், வழக்கு, சிறை என்ற சொற்கள்தான் கண்ணில் பட்டன. எந்தச் சட்டம் யாருக்கு என்று நிதானமாக வாசிக்க முடியவில்லை. வாசித்தாலும் அடுத்த நிமிடம் மறந்துவிடும், திரும்ப முதலிலிருந்து வாசிப்பேன். மகள் மடியில் ஏறி முகத்தைத் திருப்பினால்தான் அவள் இருக்கிறாள் என்பதே நினைவுக்கு வரும். என்னைக் கொண்டுபோனால் இவளை யார் பார்ப்பது? அம்மாவுக்கு இரத்தத்தில் சீனி வருத்தம், முழங்காலும் ஏலாது. கணவருக்கு லீவு கிடைக்குமா? மகளுக்கு நான் பக்கத்தில் படுக்காவிட்டால் நித்திரை வராது. எல்லா யோசனையும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

அம்மாவுக்குச் சொன்னபோது அவர் வரி என்னவென்று கேட்கவே இல்லை.

"உன்ரை பேர் அதிலை கிடக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அம்மா. பேர், விலாசம், எல்லாம்."

"பில் கொப்பியை அடுப்புக்கை வை. ஆர் வந்து கேட்டாலும் அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை."

"மண்டபத்திலை பில் கிடக்கு அம்மா. என்னத்தை எரிக்கிறது?"

அம்மா போய் வாசல் படலைக்குப் பூட்டுப் போட்டார். பகலில் எங்கள் படலையைப் பூட்டி நான் பார்த்து எத்தனையோ வருடம்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, முற்பகல் நேரம், எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் ஒன்று மெதுவாக வந்தது. நான் தையல் மிசினில் இருந்தேன். சத்தம் மச்சாள் வீட்டு வாசலில் நின்றது. ஓர் ஆண் குரல் என் முழுப்பெயரைச் சொல்லி, இவரின் வீடு எது என்று கேட்டது. தகப்பன் பெயரோடு சேர்த்த என் முழுப்பெயர். ஊரில் என்னை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை.

ஜன்னல் சீலையின் ஓரத்தால் பார்த்தேன். நீளக்கைச் சேட்டு, கையில் ஒரு ஃபைல்.

பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. நிலத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் ஓடினேன். நெல்லு மூட்டை வைக்கிற மூலையில் குந்தினேன். அவள் இதை விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கினாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். அவள் தலையை அசைத்தாள். இன்னும் இறுக்கிப் பொத்தினேன்.

வெளியே அம்மாவின் குரல் கேட்டது. "அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை."

"இந்த விலாசம்தானே அம்மா?"

"இல்லை எண்டு சொல்லுறன். நீங்கள் போங்கோ."

மோட்டார் சைக்கிள் திரும்பிப் போகும்வரை நான் அந்த மூலையை விட்டு அசையவில்லை. கையை எடுத்தபோது மகள் அழவில்லை. கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் என் விரல் பதிந்து சிவந்திருந்தது.

அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பார்க்கவில்லை, அது என் சின்ன வயது முகம்தான். எனக்கு ஐந்து வயதிருக்கும். யுத்த காலத்து ஆமிச் சுற்றிவளைப்பு நடந்த ஒருநாள், வாசலில் நின்று அப்பாவின் முழுப்பெயரைக் கேட்டார்கள். அம்மா என்னை இதே மாதிரி ஒரு மூலையில் வைத்து வாயைப் பொத்தியிருந்தார். அப்பாவை அன்று விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். கன நாளுக்குப் பிறகு திரும்பி வந்தார். சாகும்வரைக்கும் யாராவது முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் உடனே திரும்பிப் பார்க்கமாட்டார்.

கொஞ்ச நேரத்தில் மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஏனடி அந்தாளைத் துரத்தினனீங்கள்? குழாய்த் தண்ணி இணைப்புக்கு வீடு பார்க்க வந்த மனிசன். 'வீட்டில் எவரும் இல்லை' எண்டு எழுதிக்கொண்டு போட்டான்."

எங்கள் கிணற்றுத் தண்ணீர் பிள்ளைக்குக் கூடாது என்று சொல்லி, நானே விண்ணப்பம் போட்டு, எப்போது வருவார்கள் என்று மாதக்கணக்காகக் காத்திருந்த இணைப்பு அது.

மச்சாள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. நான் மகளின் கன்னத்தில் குளிர்ந்த தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தேடி வரும்வரை ஒளிந்திருந்தால், ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் இவள் வாயைப் பொத்த வேண்டி வரும் என்று அப்போதுதான் விளங்கியது. நாளைக்கே நானாகப் போவது என்று முடிவெடுத்தேன்.

அம்மா மறித்தார். "போய்த் தலையைக் குடுக்கப் போறியோ?"

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போறன் அம்மா. இவளை வைச்சுக்கொண்டு என்னை ஒண்டும் செய்யமாட்டினம்."

தைரியத்தில் சொன்னதல்ல. அவளை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வருவேனோ என்ற பயத்தில் சொன்னது. காலையில் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். பிள்ளையை மட்டும் திருப்பி அனுப்பினால் என்று, அவளின் தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது, இருமல் வந்தால் எந்தப் பாணி மருந்து கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவைத்தேன். இரண்டு நாளுக்குக் காணும் அளவு பிள்ளையின் உடுப்பு, மாப்பால், பில் கொப்பி, அந்தப் பேணி. பை கனத்தது. அம்மா படலைவரை வந்து மகளின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

பருத்தித்துறைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் வசனமே மாறியது. மகள் வழியெல்லாம் மாடு எண்ணிக்கொண்டு வந்தாள்.

யாழ்ப்பாண நகரத்து வரிக் கந்தோர் நான் நினைத்ததுபோல இல்லை. மின்விசிறி சுற்றுகிறது, யாரோ தேத்தண்ணி குடிக்கிறார்கள், சுவரில் ஒரு கலண்டர். முன்மேசையில் இருந்தவரிடம் "நான் பதியாமல் வற் எடுத்திட்டன்" என்றேன். பயிற்சி எடுத்த வசனங்களில் அது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அவர் என்னையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். அம்மாவின் வயதை ஒத்த பெண் அதிகாரி ஒருவர் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கு வாரும் பிள்ளை. குழந்தை இதிலை இருக்கட்டும், இவை பாத்துக்கொள்ளுவினம்."

கண்ணாடிக் கதவு, உள்ளே சீலை இழுத்த அறை, பிள்ளையை வெளியே விடச் சொல்லுகிறார்கள். மகளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தேன்.

"நான் விடமாட்டன்" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. கந்தோரில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் வீரிட்டு அழத் தொடங்கினாள்.

அந்த அதிகாரி அம்மா கதவிலிருந்து கையை எடுத்தார். உள்ளே ஏசி குளிர் என்பதாலும், பிள்ளை இருமிக்கொண்டிருந்ததாலும்தான் அப்படிச் சொன்னார் என்று பிறகு அறிந்தேன். அப்போது அவர் அதை எனக்கு விளக்கவில்லை. ஏன் பயப்படுகிறீர் என்றும் கேட்கவில்லை. உள்ளே போய் மூக்குக்கண்ணாடியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வந்தார். விறாந்தையில், வெளிக் கேற் நேரே தெரிகிற மர வாங்கில் இருந்துகொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"வாரும். இதிலை இருந்து கதைப்பம்."

நான் இருந்தேன். வெளியே வீதியில் வாகனம் போவது தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், உயர்தரத்தில் பாடமாக்கியது உட்பட. பேணியை எடுத்து வாங்கில் வைத்தேன்.

"இதென்ன, பிள்ளைக்குப் பால்மாவோ?"

"இல்லை. வற்."

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு முகம் கண்டிப்பாகியது.

"படிச்சது சரி பிள்ளை. ஆனால் பெறுமதி சேர்க்கிற எல்லாரும் வற் எடுக்கேலாது. பதிஞ்சவை மட்டும்தான் எடுக்கலாம். விற்பனைக் காசு சட்டம் சொல்லுற அளவுக்கு மேலை போனால் பதியத்தான் வேணும். நீர் ஒரு மிசினிலை தைச்சு அந்த அளவை எட்டுறதெண்டால் உம்மடை பேரப்பிள்ளையும் இருந்து தைக்க வேணும்."

"அப்ப நான் துணிக்குக் கட்டின வற்?"

"அது உமக்குச் செலவு. நூலுக்கும் கறண்டுக்கும் செலவழிக்கிற மாதிரி. விலைக்குள்ளை சேர்த்துப் போடும். வரி எண்டு தனிய எழுதாதையும்."

"என்ரை இலக்கம்?"

"அது வரிக் கணக்கிலை நீர் ஆர் எண்டு காட்டுற இலக்கம். மற்றவையிட்டை வற் எடுக்கத் தந்த அனுமதி இல்லை. அதை வற் இலக்கம் எண்டு போட்டது பெரிய பிழை. தெரியாமல் செய்தாலும் பிழை பிழைதான்."

என் கை மகளின் முதுகில் இறுகியதை அவர் கவனித்திருக்க வேண்டும். பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இஞ்சை நாங்கள் கேக்கிறது கணக்கை. ஆளை இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரும் இந்த ஊரில்தான் அந்தக் காலமெல்லாம் இருந்திருப்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

தன் மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். அது கொஞ்ச நேரம்தான், ஆனால் எனக்கு அந்த நேரம் நகரவே இல்லை. நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொன்னார். கொடுத்த பில்களை ரத்துச் செய்து, வரி இல்லாத புதுப் பில் கொடுத்து, வாங்கிய வரியை அவரவரிடம் திருப்பிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். பெயரும் விலாசமும் எழுதுகிற இடத்தில் என் பேனை ஒருதரம் நின்றது. பிறகு முழுப்பெயரையும் எழுதினேன்.

"இன்னொருக்கா இப்பிடி நடந்தால் இந்த வாங்கிலை இருத்திக் கதைக்கமாட்டன்" என்று எழும்பும்போது சொன்னார். பகிடியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

மாலையில் நாங்கள் பஸ்ஸால் இறங்கியபோது ஒழுங்கை முகப்பில் அம்மா நின்றார். எப்போதிருந்து நின்றாரோ தெரியாது. முதலில் மகளைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என்னை.

மண்டபத்து நிர்வாகி புதுப் பில்லை வாங்கிக்கொண்டு அடுத்த ஓடரையும் தந்தார். மச்சாள் காசை வாங்கும்போது, "அரசாங்கம் திருப்பித் தந்ததெண்டு ஆருக்கும் சொன்னால் நம்பமாட்டினம்" என்றாள். கையெழுத்துகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அதிகாரி அம்மா லீவு. வேறொருவர் வாங்கிக்கொண்டார். அந்த அதிகாரி அம்மாவுக்கு ஒழுங்காக நன்றி சொல்லவில்லை என்பது இப்போதும் மனதில் கிடக்கிறது. குழாய்த் தண்ணீருக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறோம். இப்போது எந்தப் பில் கையில் வந்தாலும் அடிவரை வாசிக்கிறேன். ஒரு கடையில் வற் என்று போட்டிருந்தார்கள், இலக்கம் எதுவும் இல்லை. இலக்கம் எங்கே என்று கேட்டேன். அந்த வரியை வெட்டிவிட்டு வேறு பில் தந்தார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் திரும்பச் சரியாகவில்லை. ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் என் மகள் விளையாட்டை நிறுத்திவிட்டுத் தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறாள். நான் ஒரேயொரு நாள் கற்பித்தது. அதனால் இப்போது சத்தம் கேட்டவுடன் அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டு படலைக்கு நடக்கிறேன். வந்தவர் யாரென்று பார்க்கும் முன்பே நெஞ்சு அடித்துக்கொள்ளும், என்றாலும் நான் வளர்ந்த பயத்தில் இவள் வளரக்கூடாது என்பதற்காகவே அம்மா இன்றைக்கும் போடுகிற அந்தப் பூட்டை நானே திறக்கிறேன்.